ஒப்பீட்டு எண்

அந்த வாரம் எனக்குப் பல்வலி.
வேறு காரணம் எதுவுமில்லை.
கொப்பரை ஏற்ற வந்த படகில்
தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு
மஜூரோ போனேன்.
பல்லைப் பிடுங்கி
உப்புநீர் கொப்பளித்துப் படுத்திருந்தபோது
எங்கள் தீவில்
வெள்ளைப் பொடி பெய்திருக்கிறது.

என் ஓரகத்தி நெய்தாரி
பாய் முடைய
தாழை ஓலை காயப்போட்டிருந்தாள்.
தட்டிப் பார்த்தாளாம், போகவில்லை.
விரலில் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தாளாம்.
"ருசியே இல்லை" என்றாள் பிறகு,
அதுதான் பெரிய குறை என்பதுபோல.
மூன்றாம் வாரம்
சீப்பில் வந்தது அவள் தலைமுடி.

ஆண்டுதோறும் மார்ச்சில் கப்பல் வரும்.
கழுத்தில் அட்டை மாட்டி
வரிசையில் நிற்போம்.
அவள் அட்டையில் சின்ன எண்.
என்னுடையது எண்ணூற்றுக்கு மேல்.
எனக்கு எதற்கு அட்டை, நான்தான் ஊரில் இல்லையே
என்று கேட்டேன்.
டாக்டர் ஒரு சொல் சொன்னார்.
மொழிபெயர்க்க வந்த ஜோல்பி
அதற்கு நெடுநேரம் தலையைச் சொறிந்தார்.
கடைசியில் சொன்னார்:
"இவளுக்கு நடந்தது
நடக்காமலே இருந்திருந்தால்
இவள் எப்படி இருப்பாளோ,
அது நீ."

அப்படித்தான் நான் ஆனேன்.
ஒரே வயது, ஒரே உயரம்,
அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள்.
அவள் ரத்தத்துக்குப் பக்கத்தில் என் ரத்தம்,
அவள் மூத்திரத்துக்குப் பக்கத்தில்
என் மூத்திரம், மூடி போட்டு.
டாக்டர் எங்கள் மொழியில் கற்றது ஒரே சொல்:
"விழுங்கு."
கழுத்தில் இரண்டு விரல் வைத்துச் சொல்வார்.
அதையும் கொஞ்சம் பிசகாக.

எனக்கு நாலு பிள்ளைகள்.
ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும்போது
அவர் பேனா சந்தோஷமாக ஓடும்.
நெய்தாரியின் பிரசவங்களை
அவள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.
கோப்பில் மூன்று கோடுகள் இருக்கின்றன.
மார்ச் வந்தால்
என் பிள்ளைகளைக் கடற்கரைக்கு
அழைத்துப்போகாமல் இருந்து பார்த்தேன்.
ஜோல்பி வீட்டுக்கே வந்து எண்ணினார்.

இதற்கிடையில்
தீவு சுத்தமாகிவிட்டது என்று சொல்லி
எல்லோரையும் கொண்டுபோய் இறக்கினார்கள்,
என்னையும் சேர்த்து.
மீன் இருந்தது. ஈரப்பலா காய்த்திருந்தது.
கூவைக்கிழங்கு வாயை எரித்தது, தின்றோம்.
தென்னை நண்டு வேண்டாம் என்றார்கள்,
அதையும் தின்றோம், பசிக்குக் காதில்லை.

அடுத்த கப்பலில் ஓர் இரும்பு அறை.
உள்ளே நாற்காலி.
அசையாமல் உட்கார்ந்தால்
உடம்புக்குள் இருப்பதை
எந்திரம் எண்ணும்.
வெளியே வந்த நெய்தாரி
மீன்பிடித்துத் திரும்பியவனைக் கேட்பதுபோல்
"உனக்கு எவ்வளவு?" என்றாள்.
ஜோல்பியிடம் கேட்டோம். இரண்டும்
கிட்டத்தட்ட ஒன்றுதான்.
அவள் சிரித்த சிரிப்பு
எனக்குப் பிடிக்கவில்லை.
அட்டை மட்டும் மாறவில்லை.
நான் இன்னும்
எதுவும் நடக்காதவள்.

பிறகு அவளை அமெரிக்கா கொண்டுபோனார்கள்.
தொண்டையில் தையலோடும்
தினம் ஒரு மாத்திரையோடும்
புது ஸ்வெட்டரோடும் வந்தாள்.
இந்த வெயிலில் ஸ்வெட்டர்.

இந்த மார்ச்சில்
என் கழுத்தில் விரல் நின்றது.
"விழுங்கு."
விழுங்கினேன்.
"விழுங்கு."
எச்சில் வற்றிவிட்டது.
கோப்பைத் திருப்பினார்,
எண்ணைப் பார்த்தார்,
மறுபடி கழுத்தைப் பார்த்தார்,
எங்கோ ஒரு தவறு இருப்பதுபோல.
"இப்போது நான் யார் என்று கேள்"
என்றேன் ஜோல்பியிடம்.
அவர் கேட்டாரா, வேறெதையோ கேட்டாரா
தெரியாது.
டாக்டர் என் தோளைத் தட்டி
பிள்ளைகளுக்கு மிட்டாய் தந்தார்.

இரவில் வழக்கம்போல் படம் போட்டார்கள்,
இரண்டு தென்னைக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி.
குதிரைகள் ஓடின, தூசி பறந்தது.
பின்வரிசையில் நெய்தாரி
என் பக்கம் நகர்ந்து வந்தாள்.
இருட்டில் என் கழுத்தைத் தேடி
இரண்டு விரல் வைத்தாள்.
அதே பிசகோடு சொன்னாள்:
"விழுங்கு."

விழுங்கினேன்.
திரையில் எவனோ குதிரையிலிருந்து விழுந்தான்.
என் கடைக்குட்டி
மிட்டாய் வாயோடு கைதட்டினான்.
அவள் விரலை எடுக்கவில்லை.